உன் பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும்

அன்புள்ள கலா,

பதில் போடாமல் இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு ஆசை தீரத் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் பிளஸ் டூ. சின்னவன் அப்படியே அவன் தாத்தா. நம் வார்டன் அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன், எடுத்த எடுப்பில் "அந்தச் சுண்டல்காரி எங்கே இருக்கா?" என்றார். நீ எவ்வளவு பெரிய ஆளானாலும் அவருக்கு நீ சுண்டல்காரிதான்.

சொல்ல வந்தது வேறு. எங்களுக்கு நீ எழுதிக் கொடுத்த பேக்கப் ஸ்கிரிப்ட், ராத்திரி சர்வர் கோப்புகளை நகலெடுத்து வைக்குமே, அந்தச் சின்ன நிரல்.

டீமில் புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறான், படு சூட்டிகை. ராத்திரி பேக்கப் எல்லாம் முடிந்ததா பார் என்றேன். திரையையே வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாக, "அக்கா, இதுல எது முடிஞ்சது, எது முடியலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றான். நீ ஒவ்வொரு சர்வர் பெயருக்கு முன்னாலும் ஒரு புள்ளி வைத்திருக்கிறாய். பச்சை என்றால் முடிந்தது, சிவப்பு என்றால் இல்லை. அவன் கண்ணுக்கு இரண்டும் ஒரே மங்கல் பழுப்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாயே திறக்கவில்லை. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது, கலா.

இது அபூர்வமும் இல்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு, பச்சையைப் பிரித்தறிவதில் சிரமம் உண்டு. அதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால்தான் ஆண்களிடம் இவ்வளவு அதிகம். நம் கூடப் படித்த பையன்களில் எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருந்தார்களோ!

அன்றே அவன் பக்கத்தில் உட்கார்ந்து டெர்மினலின், அதாவது நாம் கமாண்ட் தட்டும் அந்த எழுத்துத் திரையின், நிற அமைப்பைத் திறந்தேன். எஸ்கேப் எழுத்து, சதுர அடைப்புக்குறி, 31, பின்னால் சின்ன எம் என்று ஒரு நிரல் அனுப்பினால் அதற்கு 'சிவப்பு' என்றுதானே பொருள்? எந்தச் சிவப்பு என்று அது சொல்வதே இல்லை. அதை முடிவு செய்வது பார்ப்பவரின் டெர்மினல். அடிப்படை 16 நிறங்களுக்கும் அங்கே ஒவ்வொரு கட்டம் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பச்சைக் கட்டத்தில் ஆகாய நீலம், சிவப்புக் கட்டத்தில் ஆரஞ்சு வைத்தோம். கோப்பில் செய்த மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப்பில் சேர்த்த வரியும் நீக்கிய வரியும் பிரிந்து நின்றன. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் போட்டால் ஜிப் கோப்பு வேறு, இயக்கும் கோப்பு வேறு. பையன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! எந்த நிரலையும் தொடவில்லை. ஒரே இடத்தில் மாற்றினோம், அத்தனையும் கேட்டுக்கொண்டன.

உன் ஸ்கிரிப்ட் ஒன்றைத் தவிர.

மகாராணிக்கு 31 போதவில்லை! 38, 2 என்று ஆரம்பித்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை எண் கொடுத்து, 1 கோடியே 67 லட்சம் நிறங்களில் தேடிப் பிடித்து இளந்தளிர்ப் பச்சை போட்டிருக்கிறாய். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அப்படி எண்ணாகவே கொடுத்துவிட்டால் பார்ப்பவரின் கட்டங்களுக்கு அங்கே வேலையே இல்லை. உன் கண்ணுக்குப் பிடித்ததை எல்லோர் கண்ணிலும் ஊற்றுகிறாய். வெள்ளைப் பின்னணி வைத்திருக்கும் நம் மேனேஜருக்கும் அந்த இளந்தளிர்ப் பச்சை தெரிவதில்லை. சிவப்புக்கு 31, பச்சைக்கு 32 என்று விட்டுவிடு. சாயலை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, நிறத்தை மட்டும் நம்பாதே. 1978இல் வந்த வீடி100 டெர்மினலில் நிறமே கிடையாது. 4 போட்டால் அடிக்கோடு, 7 போட்டால் எழுத்தின் நிறமும் பின்னணியின் நிறமும் இடம் மாறுவது என்று இப்படித்தான் கவனத்தை இழுத்தார்கள். அந்த 4உம் 7உம் இன்றைக்கும் வேலை செய்கின்றன. புள்ளிக்குப் பதில் 'முடிந்தது', 'தோல்வி' என்று எழுது. தோல்விக்கு மட்டும் 7 போடு. நிறமே தெரியாதவருக்கும் அது பளிச்சென்று தெரியும். கடைசியில் 0 போட்டு எல்லாவற்றையும் பழையபடி ஆக்கவும் மறக்காதே.

நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பிலும் உன் நிற எண்கள் குப்பையாய்க் கிடக்கின்றன. வெளியீடு டெர்மினலுக்குத்தான் போகிறதா என்று டெஸ்ட் கமாண்டில் கேட்டுவிட்டு நிறம் போடு. பயன்படுத்துபவர் அமைத்து வைக்கும் நோ_கலர் என்ற மாறியில் ஏதாவது இருந்தால் நிறமே வேண்டாம் என்று பொருள். 2017இல் தொடங்கிய வழக்கம், இப்போது ஏராளமான நிரல்கள் அதற்குக் கட்டுப்படுகின்றன.

கமாண்ட் தட்டும் இடத்துக்கு முன்னால் வரும் பிராம்ப்டுக்கு நிறம் போட்டதிலிருந்து நீளமான கமாண்ட் அதே வரியின் மேலேயே ஏறுகிறது என்று புலம்பியிருந்தாயே, காரணம் இதுதான்: கண்ணுக்குத் தெரியாத நிறக் குறிகளையும், நம் கமாண்டை வாங்கி இயக்கும் பாஷ் எழுத்தாக எண்ணிக்கொள்கிறது, அதனால் வரி எங்கே மடியும் என்ற கணக்கு தப்புகிறது. ஒவ்வொரு குறிக்கும் முன்னால் பின்சாய்கோடும் திறக்கும் சதுர அடைப்பும், பின்னால் பின்சாய்கோடும் மூடும் சதுர அடைப்பும் வை. சரியாகிவிடும்.

பையன் உன்னிடம் நேரில் கேட்கக் கூச்சப்படுகிறான், அதனால்தான் நான் எழுதுகிறேன். இந்த வாரத்துக்குள் மாற்றி அனுப்பிவிடு. உன் ஸ்கிரிப்டில் நானே கை வைத்தால் நீ ஆறு மாசம் பேசமாட்டாய், எனக்குத் தெரியாதா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, ஆபரேஷன் தேதி சொன்னார்களா, அதையும் எழுது.

அன்புடன்,
உன் மீனா