கதவைச் சாத்திக்கொண்டு பாடிய பாட்டு

அன்புள்ள எலா ஷெப்பர்ட் அம்மாவுக்கு,

நீங்கள் கண்மூடி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஃபிஸ்க் ஜூபிலி நால்வர் 1909இல் இசைத்தட்டுக்குப் பாடிய பாட்டை நேற்று ராத்திரி கேட்டேன். கரகரப்புக்கு நடுவே நான்கு ஆண் குரல்கள். உங்கள் குரல் அதில் இல்லை. ஆனால் அந்தப் பாட்டு இசைத்தட்டு வரை வந்து சேர்ந்ததற்கு நீங்கள் ஒரு காரணம்.

அமெரிக்காவின் ஃபிஸ்க் பள்ளிக்காக நீங்கள் சேர்ந்து பாடிய குழுவான ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்றதும் விக்டோரியா மகாராணி முன் பாடியதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, நாஷ்வில்லில் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்த அந்த அறை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆஸ்பத்திரியாக இருந்த மரக் கொட்டகைகளில், விடுதலையான அடிமைகளுக்காக 1866இல் தொடங்கிய பள்ளி ஃபிஸ்க். அடிமைகளை அடைத்து வைத்த கொட்டடியில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்புக்குப் போட்டு, அந்தக் காசில் எழுத்துப் புத்தகம் வாங்கினார்கள் என்று படித்ததும் கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

நீங்கள் 1868இல் கையில் 6 டாலரோடு அங்கே வந்து சேர்ந்தீர்கள். அதற்கு முன்பே ஒரு ஆயுளுக்கான துயரத்தைப் பார்த்திருந்தீர்கள். தாயையே வேவு பார்க்க எஜமானி உங்களைப் பழக்குகிறாள் என்று தெரிந்ததும், உங்கள் அம்மா உங்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் விழப் போனார். வழியில் ஒரு கிழவி தடுத்தாள், இந்தப் பிள்ளை கடவுளுக்கு வேண்டும் என்று. அப்பா 350 டாலர் கொடுத்து உங்களை மீட்டார். அம்மாவை மட்டும் எஜமானி விடவில்லை. அவரை மிசிசிப்பிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சின்சினாட்டியில் நீங்கள் பியானோ கற்றதையும் சொல்ல வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்த வெள்ளைக்கார ஆசிரியை ஒத்துக்கொண்டார். பின்வாசல் வழியாக நுழைந்து, மாடி அறையில், இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை பாடம். மொத்தமே பன்னிரண்டு பாடங்கள்! அந்தப் பாடங்களை வைத்துக்கொண்டுதான் பிறகு ஃபிஸ்க்கில் இசை ஆசிரியையாகவே ஆனீர்கள்.

இனி அந்த அறைக்கு வருகிறேன். பொக்கிஷதாரரும் பாட்டு வாத்தியாருமான ஜார்ஜ் ஒயிட் உங்களுக்கெல்லாம் மேடைப் பாட்டுகளைப் பழக்கிக்கொண்டிருந்தார். உங்கள் பெற்றோர் வயல்வெளியில் பாடிய பாட்டுகளை நீங்கள் யாரும் வெளியே பாடுவதில்லை. அவை அடிமைக் காலத்தை ஞாபகப்படுத்தின, மறக்க வேண்டியவையாகத் தோன்றின என்று நீங்களே பின்னால் எழுதியிருக்கிறீர்கள். பெற்றோருக்கு அவை புனிதமானவை, வழிபாட்டில் பாடியவை. முகத்தில் கரி பூசிக்கொண்டு வெள்ளையர்கள் மேடையில் கறுப்பினத்தவரைக் கேலி செய்து பாடிக் காசு பார்த்த காலம் வேறு. புனிதமானதை அப்படிப்பட்ட கூட்டத்தின் முன் எப்படிக் கொண்டுபோய் வைப்பது? உங்கள் தயக்கத்தைக் கூச்சம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அது மரியாதை.

இருந்தாலும் பாடினீர்கள். நாற்காலிகள் போதாமல் தரையில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, அவரவர் வீட்டுப் பாட்டை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தீர்கள். நூற்றுக்கும் மேல் பாட்டுகள் சேர்ந்தன. ஆனால் 1872இல் அவை சுரக்குறிப்போடு அச்சேறியபோது, அவற்றை எழுதியவராக வெள்ளைக்கார இசைக்கலைஞர் தியோடர் சூவர்டின் பெயர்தான் வந்தது. அந்தப் பாட்டுகளைத் திரட்டவும் குழுவைப் பழக்கவும் இரவு பகலாக உழைத்தது நீங்கள்.

1871 அக்டோபர் 6ஆம் தேதி, கடனில் மூழ்கிய பள்ளியைக் காப்பாற்ற ஊர் ஊராகப் பாடப் புறப்பட்டீர்கள். உங்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். உங்களுக்கு வயது 20. கிளம்பிய சில நாளிலேயே சிகாகோ பற்றி எரிந்தது. சின்சினாட்டியில் கிடைத்த கொஞ்சப் பணம் 50 டாலர்கூட இல்லை. அதையும் அந்த நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஹோட்டல்கள் அறை தர மறுத்தன. கொலம்பஸ் ஊரில்தான் குழுவுக்குப் பெயர் வந்தது. பைபிளின் லேவியராகமத்தில் அடிமைகள் விடுதலையாகும் யூபிலி வருஷம் வருகிறதே, அதிலிருந்து எடுத்தார் ஒயிட்.

நவம்பரில் ஓபர்லினில் போதகர்கள் மாநாடு. பேச்சுக் குரல்களுக்கு நடுவே ‘ஸ்டீல் அவே’ பாட்டை மிக மெல்ல எடுத்தீர்கள். நழுவிப் போய் இயேசுவிடம் சேர்ந்துவிடு என்கிற பாட்டு அது. பேச்சு அடங்கிவிட்டது. கதவைச் சாத்திய அறையில் பாடிய அதே தாழ்ந்த குரல்தான் அங்கே சபையையும் அடக்கியது என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு மேடைப் பாட்டுகள் பின்னுக்குப் போயின. உங்கள் பெற்றோரின் பாட்டுகள் முன்னே வந்தன.

புரூக்ளின், வெள்ளை மாளிகை, 1873இல் இங்கிலாந்து. 1,50,000 டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. 1878இல் ஜெர்மனியில் குழு கலைந்தபோது உங்கள் உடம்பு மிகவும் கெட்டிருந்தது. பிறகு உங்களோடு குழுவில் பாடிய ஃபிரடெரிக் லௌடின் தனிக்குழுவோடு உலகம் சுற்றி, இந்தியாவுக்கும் வந்தார், தாஜ்மஹாலுக்குள்ளும் பாடினார்கள். அதற்குள் நீங்கள் அம்மாவைத் தேடிப்பிடித்து நாஷ்வில்லில் உங்களோடு கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வாழ்க்கையில் எனக்கு மிகவும் நிம்மதி தந்த செய்தி அதுதான்.

ஒன்று மட்டும் நினைத்து நினைத்து வியக்கிறேன். பின்வாசல் வழியாகப் போய்ப் பியானோ கற்றவர் நீங்கள். ஆனால் அந்தப் பாட்டுகளுக்குப் பியானோ வேண்டியிருக்கவில்லை. குரல்கள் ஒன்றையொன்று தாங்கினால் போதும். அதைப் புரிந்துகொண்டு கட்டையிலிருந்து கையை எடுத்தீர்கள்.

இன்றும் குழு பாடுகிறது. மேடையில் நடத்துநர் நிற்பதில்லை, வாத்தியம் கிடையாது. பக்கத்தில் நிற்பவர் மூச்செடுப்பதைக் கேட்டுத்தான் பாட்டைத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு அக்டோபர் 6ஆம் தேதியும் நாஷ்வில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், முதல் குழுவினரின் சமாதிகள் முன் நின்று பாடுகிறார்கள்.

அன்புடன்,
உங்கள் பாட்டைக் கேட்கிற ஒருத்தி