எஸ்பிரசோ இயந்திரத்தோடு தமிழில் பராமரிப்புக் குறிப்பும் தர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஃபில்டர் காபியிலேயே ஊறிய நம் வீடுகளிலும் இப்போது, வெந்நீரை அழுத்தத்தோடு காபித் தூளுக்குள் செலுத்திக் காபி இறக்கும் எஸ்பிரசோ இயந்திரங்கள் இடம்பிடித்து வருகின்றன. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் இவை சீக்கிரமே பழுதாவதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று, உள்ளே படியும் உப்பு. அதை நீக்கும் முறையை விற்பவர்கள் தெளிவாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், நீர் சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படர்வதும் இதுதான். பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிவிடலாம். இயந்திரத்துக்குள் இருக்கும் மெல்லிய குழாய்களை எதைக் கொண்டு தேய்ப்பது? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), மொத்தக் கடினத்தன்மை (நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவு) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதிக்கலாம் என்றும் கூறுகிறது. ஆனால், குடிக்கத் தகுந்த நீரெல்லாம் இந்த இயந்திரங்களுக்கும் தகுந்ததாகிவிடாது.

அண்மையில் உறவினர் ஒருவர் வீட்டில், காபி சொட்டுச் சொட்டாக மட்டுமே இறங்கிய இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தபோது, நீரைத் திறந்து மூடும் வால்வின் துளையை ரவை அளவிலான வெள்ளைத் துணுக்கு ஒன்று அடைத்திருந்தது. எலுமிச்சை உப்பு எனக் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து அதில் போட்டதும், குமிழ்விட்டு நுரைத்துச் சிறிது நேரத்தில் கரைந்துபோனது. பழுதுபார்க்கும் நிலையத்திலோ, உப்புப் படிவுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று கூறிவிட்டார்கள். கூடவே வந்த கையேட்டில் தமிழில் ஒரு வரிகூட இல்லை.

வழிகாட்டுதல் இல்லாததால் சிலர் கழிப்பறை கழுவும் அமிலத்தையே ஊற்றிவிடுகிறார்கள். அதிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும், உடலுக்கும் ஆபத்து. வினிகரை ஊற்றினாலோ அதன் வாடை எளிதில் போகாது. கையேடு தடுக்காத இயந்திரங்களில், ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, தொட்டியில் வடிகட்டி இருந்தால் அதை எடுத்துவிட்டு, காபி வரும் வழியிலும் நீராவிக் குழாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, இடையே கால் மணி நேரம் ஊறவிட்டால் போதும். பிறகு இரண்டு தொட்டி நல்ல நீரையாவது ஓடவிட்டு அலச வேண்டும். உள்ளே அலுமினியம் இருந்தால் இரவு முழுவதும் ஊறவைக்கவே கூடாது. பெரிய கொதிகலன் கொண்ட சில இயந்திரங்களைத் தயாரிப்பவர்கள், பெயர்ந்துவரும் துணுக்குகள் வேறிடத்தில் போய் அடைக்கும் என்பதால், வீட்டில் இந்த வேலையே வேண்டாம் என்கிறார்கள். காபியின் எண்ணெய்ப் பிசுக்கு வேறு விஷயம். அதற்கு அமிலம் உதவாது, தனியான தூள் வேண்டும்.

ஆர்.ஓ. நீரை ஊற்றினால் கவலையில்லை என்ற எண்ணமும் முழுக்கச் சரியன்று. தாது உப்பு மிகக் குறைந்த நீரில் மின்சாரம் சரியாகக் கடக்காது. அதனால் கொதிகலனில் நீர் இருப்பதை மின்முனை கொண்டு அறியும் இயந்திரங்கள் தடுமாறும். நீரில் கரைந்துள்ள எல்லா உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பவும் முடியாது. படிவை உண்டாக்காத சாதாரண உப்பையும் அது சேர்த்தே காட்டும்.

ஆகவே, கொதிகலன் எந்த உலோகத்தால் ஆனது, எந்த அமிலத்தை எந்த அளவில் பயன்படுத்தலாம், நீரின் கடினத்தன்மைக்கு ஏற்ப எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும் என்ற விவரங்களைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, கடினத்தன்மையைச் சோதிக்கும் காகிதப் பட்டை ஒன்றையும் பெட்டிக்குள் வைத்துத் தர வேண்டும். உப்புப் படிவைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்கும் நிறுவனங்கள், இவற்றை விற்கும்போதே தருவதுதான் நியாயம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை.