வராதவர்கள்

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு கட்டுரை கழுத்தைப் பிடிக்கிறது. அப்பா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை, 'மனசை மாத்துற படிப்புதானே படிக்கிறே, ஒரு வழி சொல்லு' என்று கேட்டிருந்தாய். நான் ராத்திரி நேரத்துக்குத் தூங்கியே மாசக்கணக்காகிறது. என்னிடம் போய்க் கேட்கிறாயே!

இந்தப் பருவத்தில் எடுத்திருப்பது உடல்நல உளவியல்தான். ஆனால் அமெரிக்காவின் இன வேறுபாட்டை முன்னால் வைத்துக்கொண்டு படிக்கிறோம். பழைய பாடங்களெல்லாம் வேறு மாதிரி தெரிகின்றன.

எங்கள் துறையில் முதல் வகுப்பிலேயே சொல்லித்தரும் 'உடல்நல நம்பிக்கை மாதிரி' என்று ஒன்று உண்டு. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் உளவியலாளர்கள் உருவாக்கியது. காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுக்கிறோம் என்று கூப்பிட்டும் ஜனங்கள் ஏன் வரவில்லை என்பதுதான் அவர்களுடைய கேள்வி. எனக்கு இந்த நோய் வருமா, வந்தால் எவ்வளவு மோசம், போனால் என்ன லாபம், போவதில் என்ன சிரமம் என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் கணக்குப் போடுகிறார்கள் என்றார்கள்.

சரி, அதே சேவை அதே வருஷங்களில் அலபாமாவின் டஸ்கிகீ பக்கம் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? சுமார் 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய். 'கெட்ட ரத்தம்' என்று சொல்லிவிட்டு, வைத்தியம் பார்க்காமல் நோய் எப்படி முற்றுகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஆரம்பித்தது 1932இல். 1940களின் கடைசியில் அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் தாராளமாகக் கிடைத்தும் தரவில்லை. 1972இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நின்றது. ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு கை எழுதிக்கொண்டிருக்க, இன்னொரு கை செய்த வேலை இது. இரண்டையும் நான் தனித்தனியாகத்தான் படித்திருந்தேன். ஒரே நிறுவனம் என்பது இப்போதுதான் உறைத்தது.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? போன மாதம் பேட்டிப் பதிவுகளை எழுதி வகைப்படுத்தும் வேலை. ஒரு கறுப்பினப் பெண்மணி, இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனதையும், டாக்டர் திரையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை என்பதையும், அதற்கப்புறம் போகவில்லை என்பதையும் சொல்கிறார். நான் ஓரத்தில் 'ஊக்கம் குறைவு' என்று எழுதிவைத்தேன். பேராசிரியர் பென்சிலால் அதைச் சுழித்து, "யாருக்கு?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்தார். காது சூடாகிவிட்டது.

ஷெர்மன் ஜேம்ஸ் என்ற ஆய்வாளரின் கருத்து உனக்குப் பிடிக்கும். நீராவி இயந்திரத்தோடு போட்டிபோட்டு ஜெயித்து, அந்த இடத்திலேயே விழுந்து செத்த ஜான் ஹென்றி என்ற கறுப்பினத் தொழிலாளியின் கதை அங்கே வழங்குகிறது. கையில் வசதி இல்லாமல், எதிர்ப்பையெல்லாம் விடாமல் முட்டிமோதிச் சமாளிக்கிறவர்களுக்குத்தான் பிரஷர் ஏறுகிறது என்று 1980களில் அவர் சொன்னார். அதற்கு அந்தத் தொழிலாளியின் பெயரையே வைத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் 'விடாமுயற்சி வேண்டும்' என்று மற்றவர்களுக்குச் சொல்லுமுன் இப்போது கொஞ்சம் தயங்குகிறேன்.

2018இல் வந்த லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வைப் படித்தபோதுதான் மனசு லேசானது. கறுப்பினத்தவர் வழக்கமாகப் போகும் 52 சலூன்கள், பிரஷர் அதிகமுள்ள 319 வாடிக்கையாளர்கள். பாதிக் கடைகளில் முடிவெட்டுகிறவர், 'டாக்டரைப் பாருங்க' என்று எடுத்துச் சொன்னார். மற்ற கடைகளுக்கு மருந்தாளுநரே வந்து, அங்கேயே பிரஷர் பார்த்து, டாக்டரோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி மருந்தும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில், புத்திமதி கேட்டவர்களுக்குப் பிரஷரின் இரண்டு எண்களில் மேலே உள்ளது சராசரியாக 9 குறைந்தது. மருந்தாளுநர் வந்த கடைகளில் 27! யாருடைய மனசையும் பெரிதாக மாற்றவில்லை. வருஷக்கணக்காகத் தலையை நம்பிக் கொடுக்கும் நாற்காலிக்கு வைத்தியம் வந்தது, அவ்வளவுதான். சாதாரண புத்திமதிக்கும் 9 குறைந்ததே, அதையும் சும்மா சொல்லக் கூடாது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஏன் மாத்திரை போடவில்லை என்று அவரைக் கேட்காதே, அதை நீ நூறு தடவை கேட்டிருப்பாய். கடைசியாக டாக்டரிடம் போனபோது உள்ளே என்ன நடந்தது என்று கேள். யார் என்ன பேசினார்கள் என்று அவர் சொல்கிறபடியே எழுதி அனுப்பு. கட்டுரையை வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன், அப்புறம் போனில் பேசலாம்.

உன்,
கதிர்