தண்ணி வத்துன மரத்தைத்தான் வண்டு தேடி வருது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். வறட்சியில மரம் பட்டுப்போனா வெயிலை மட்டும்தான் குறை சொல்றோம், ஆனா பாதி வேலைய பூச்சிதான் முடிக்குது. பைன் மரத்துல ஈரம் இருந்தா பிசின் சுரந்து, பட்டையைத் துளைச்சு உள்ள போற பட்டை வண்டை வெளிய தள்ளிடும், தண்ணி வத்துனா பிசினும் வத்திடும், அப்புறம் வண்டுக்குத் தடையே இல்ல. கலிபோர்னியால 2012ல இருந்து 2016 வரைக்கும் வந்த வறட்சியில 10 கோடிக்கும் மேல மரம் செத்துச்சு, அதுல இந்த வண்டுக்குப் பெரிய பங்கு.

அடிமரத்தைக் குனிஞ்சு பாருங்க, குண்டூசித் தலை அளவு ஓட்டையும் கீழ மாவு மாதிரி மரத்தூளும் கிடந்தா பூச்சி உள்ள போயாச்சு. அப்ப மருந்து அடிச்சும் பெரும்பாலும் பிரயோஜனம் இல்ல, அதனாலதான் முன்னாடியே தண்ணி விடுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். அதையும் தண்டுல ஊத்தாதீங்க, தண்ணிய உறிஞ்சுற வேர், கிளை பரவுற ஓரத்தையும் தாண்டிப் போகுது, அங்க மெதுவா ஆழமா இறங்கவிடணும், தினம் கொஞ்சம் தெளிக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். சருகைக் கூட்டி எரிக்கிறதைப் பாத்தா வயிறு எரியுது சார், அதையே மண்ணை மூடுற மாதிரி 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்கா போடலாமே, தண்டை ஒட்டாம.

காட்டுக்கு யாரும் தண்ணி ஊத்த முடியாது, ரொம்ப நெருக்கமா வளந்ததுல சிலதை வெட்டிக் கலைச்சுவிட்டா மிச்ச மரத்துக்காவது ஈரம் பத்தும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்