தண்டவாளத்தில் ஓடும் வாள்

ஒட்டுசுட்டான்
வற்றாப்பளை அம்மன் பொங்கல் முடிந்த புதன்கிழமை

அன்பின் குஞ்சன்,

நாலு மாதமாக உன் குரல்பதிவுகளுக்கெல்லாம் “பிறகு எழுதுகிறேன்” என்றே பதில் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பிறகு இன்றைக்குத்தான் வந்தது. பேசாதே, வாசி.

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ அப்படியே இருக்கிறது. பொங்கலுக்கு முள்ளியவளையிலிருந்து நடந்துதான் போவேன் என்று அடம்பிடித்தா. பாதி வழியில் ஓட்டோ பிடித்து ஏற்றினோம். அதற்காக இன்னும் என்னோடு கதையில்லை. உன் மகள் பல்கலைக்கழகம் போவது கேட்டுச் சந்தோஷம். மூளை தாய்வழியில் வந்திருக்க வேண்டும். எங்கள் கூட்டாளி சோடாப்போத்தல் மூன்றாவது முறையும் கோழிப்பண்ணை தொடங்கியிருக்கிறான். இந்தமுறை கோழிகளுக்குப் பெயர் வைக்கவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். லண்டனிலிருந்து நீ எனக்கு ஒரு வாள் வாங்கி அனுப்ப வேண்டும். ட்ராக் சோ. தண்டவாளம் மாதிரி ஒரு நீள அலுமினியச் சட்டம், அதன்மேல் ஓடுகிற சுற்று வாள். தண்டவாளம் போட்ட வாள் வாங்கப்போகிறேன் என்று சொன்னதற்கு அம்மா, “யாழ்தேவி றெயில் வந்தது காணாதோ?” என்று கேட்டா. கதையில்லை என்று சொன்னேனே, பகிடிக்கு மட்டும் விலக்கு.

தொடக்கம் புதுக்குடியிருப்பில் ஒரு ரீச்சர் வீட்டு அடுப்படி. இப்போது யாருக்கும் முதிரை மரமும் தேக்கும் வேண்டாம், வெள்ளை மெலமைன் பலகையில் பன்ரி அலுமாரிதான் வேண்டும். எட்டுக்கு நாலு தாள் ஆறு. கரண்டில் சுற்றுகிற என்னுடைய பழைய கைவாளை நீர்மட்டக் கட்டையோடு அணைத்துப் பிடித்து வெட்டினேன். மரம் என்றால் மன்னிக்கும், சீவுளி போட்டுச் சரிசெய்யலாம். மெலமைன் மன்னிக்காது. வாளின் பல் கீழிருந்து மேலே வருகிறபோது மேல்தோலை உடைத்துக்கொண்டு வருகிறது. ரீச்சர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தா, ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, “தம்பி, இது எலி கடிச்சதோ?” என்றா. இரண்டு தாளை என் காசில் மாற்றிக் கொடுத்தேன்.

காசு போனதற்கு நான் கடிதம் எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

அதே வீட்டில் பாத்திரம் கழுவுகிற சிங் வைக்க மேற்பலகையின் நடுவில் சதுரமாக வெட்ட வேண்டும். கைவாளை நடுப்பலகையில் இறக்குவதென்றால் கீழ்மூடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிடிப்பது அலுப்பென்று அந்த மூடியை வயரால் கட்டி வைத்திருந்தேன். கட்டியது நான். வெட்டியது அக்காவின் மூத்தவன். பல் மரத்தில் பட்ட உடனே வாள் பின்னுக்கு உதைத்து, பலகையை விட்டுக் கிளம்பி, அவனுடைய காற்சட்டையைத் தொடைக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துக்கொண்டு போய்ச் சீமெந்தில் விழுந்து சுற்றியது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அவன் சிரித்தான். நான் வெளியே போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தேன். 2009இல் நீ தோளில் வைத்துத் தண்ணீர் கடந்த பிள்ளையடா அது. அக்காவுக்கு இன்னும் சொல்லவில்லை. காற்சட்டையை எரித்துவிட்டோம்.

அன்றைக்கே அந்த வாளின் வயரை வெட்டிவிட்டேன். இரண்டு கிழமையாக இரவெல்லாம் போனில் வாள் பார்ப்பதுதான் வேலை. மனுசி, “வேறொருத்தியைப் பார்த்தாலும் இவ்வளவு நேரம் பார்க்கமாட்டாய்” என்கிறாள்.

இந்த வாளில் என்ன விசேஷம் என்றால், பிளேட் சும்மா நிற்கும்போது முழுக்கக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கும். சட்டத்தின்மேல் வைத்துக் கைபிடியை அமர்த்தினால்தான் கீழே இறங்கும், விட்டால் மேலே போய்விடும். கட்டிவைக்க மூடியே இல்லை. சட்டத்தின் ஓரத்தில் ஒரு ரப்பர் கீற்று இருக்கிறது. முதல்தரம் ஓட்டும்போது வாள் அந்த ரப்பரைத் தன் அளவுக்குத் தானே வெட்டிக்கொள்ளும். அதன்பிறகு ரப்பர் நிற்கிற இடம்தான் வெட்டு விழும் இடம். பென்சில் கோட்டில் கொண்டுபோய் ஓரத்தை வைத்தால் போதும். அந்தக் கீற்றே மேல்தோலை அமர்த்திப் பிடிப்பதால் சிராம்பும் எழும்பாது. எங்களுக்குத் தொழில் பழக்கின ஓடாவியார் “கோட்டைத் தின்னாதேங்கோடா” என்று எங்கள் பிடரியில் எத்தனை தரம் போட்டிருப்பார்! இந்த வாள் நினைத்தாலும் கோட்டைத் தின்ன முடியாது. மனிசன் இருந்தால் இதைப் பார்த்து ஒரு வெற்றிலை கூடப் போட்டிருப்பார்.

நீ போனில் “ஜேர்மன்காரன்ரதை எடு, காசை நான் பார்க்கிறேன்” என்றாய். பெஸ்டூல் டிஎஸ் 55. எனக்கும் அதில் ஆசைதான். பிளேட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு அதோடு சேர்ந்து இறங்குகிறது. வெட்டின வாய் மூடிப் பிளேட்டை நெரிக்காமல் அது பிரித்துப் பிடிக்கும். நெரித்தால்தானே உதைப்பு. நான் பார்த்துவைத்திருக்கிற மற்ற வாள் மகிற்றா எஸ்பி 6000. அதில் அந்தத் தகடு இல்லை. நான் மூன்று இரவு நித்திரை கொள்ளாதது இந்த ஒரு தகட்டால்தான். அந்தக் காற்சட்டையைப் பார்த்தவனுக்கு அது சின்ன விசயமில்லை.

ஆனாலும் மகிற்றாதான் என்று முடிவெடுத்துவிட்டேன். ஏன் என்று கேள். நடுப்பலகையில் இறக்குகிற கணத்தில்தான் கூடுதலாக உதைக்கும், அப்போது வெட்டின வாய் என்று ஒன்றே இன்னும் இல்லை, தகடு எதைப் பிரிக்கும்? அதற்கு மருந்து வேறு: வாளின் பின்பக்கத்தை முட்டுகிற மாதிரிச் சட்டத்தில் ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட வேண்டும். உதைத்தாலும் போக இடமில்லை. பாதி வெட்டில் வாய் மூடினால் ஆப்பு ஒன்று செருகுகிறோம், அது எங்களுக்குப் பாலை மரம் அரிந்த காலத்திலிருந்தே கைவந்தது. மற்றது, மகிற்றாவில் முதலில் 2, 3 மில்லிமீற்றர் மட்டும் இறங்க ஒரு தடுப்பு இருக்கிறது. மேல்தோலை மட்டும் கீறிக்கொண்டு ஒருதரம் போய், பிறகு முழு ஆழத்துக்கு ஒருதரம். மெலமைனுக்கு அதுதான் வேண்டியது. சக்தி 1300 வாட், ஜேர்மன்காரனுக்குக் குறைவில்லை. ஆழம் 56 மில்லிமீற்றர் என்று போட்டிருக்கிறது, சட்டத்தின்மேல் வைத்தால் அதில் கொஞ்சம் போகும். இரண்டு அங்குலப் பாலைக்கு இதைக் கொண்டுபோகப் போவதில்லை. அதற்கு மரம் அரிகிற மரக்காலை இருக்கிறது.

விலை வித்தியாசத்தில் தூசி இழுக்கிற வாக்கூம் ஒன்று எடுக்கலாம் என்பது கடைசி நியாயம். முதிரைத் தூள் பட்டால் என் கையும் கழுத்தும் தடித்துச் சொறியும் என்று உனக்குத் தெரியும். எம்டிஎப் பலகைத் தூள் இன்னும் மோசம், நெஞ்சுக்குள் போய் இருந்துகொள்ளும்.

பற்றரி வாள் வேண்டாம். பற்றரியை அனுப்புவதே பெரிய பாடு, செத்தால் இங்கே அதற்கு நான் எங்கே போவேன்?

வாங்கும்போது கவனம். உங்கள் ஊரில் கட்டட வேலைக்கென்று மஞ்சள் பிளக்கோடு 110 வோல்ட் சாமான் விற்பார்கள். மலிவாகக் கிடந்தது என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதே. இங்கே குத்தினால் எரிந்துபோகும், சோடாப்போத்தலின் இன்கியூபேற்றர் கதையாகிவிடும். சுவரில் நேரே குத்துகிற 240 வோல்ட். மூன்று சதுரக்கால் பிளக் இப்போது இங்கேயும் சரிவரும்.

சட்டம் 3 மீற்றர் நீளத்திலும் இருக்கிறது, ஆசைப்படாதே, கப்பலில் வளைந்துவிடும். 1400 மில்லிமீற்றர் இரண்டு, பொருத்துகிற கம்பிகளோடு. ஒன்று தனியே தாளின் நாலடி அகலத்துக்குக் காணும், இரண்டும் சேர்ந்தால் எட்டடி நீளத்தைத் தாண்டும். கடையில் வாளைச் சட்டத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப்பார். ஆடினால் அடித்தட்டில் திருகு இருக்கிறது, இறுக்கலாம். இறுக்கியும் ஆடினால் வேறொன்றை எடுக்கச் சொல். பிளேட் 48 பல் இரண்டு, மரம் நீளவாக்கில் கிழிக்கப் பல் குறைந்தது ஒன்று. நடுத்துளை 20 மில்லிமீற்றர்.

மேசை வேண்டாம். நிலத்தில் றெஜிபோம் என்கிற நுரைத்தாள் விரித்து அதன்மேல் பலகையைப் போட்டு வெட்டலாமாம். பிளேட் றெஜிபோமைக் கொஞ்சம் தின்னும், அவ்வளவுதான். ஒருத்தன் தனியே எட்டடித் தாளை வெட்டலாம். 98இல் மரம் அரிகிற கிடங்குக்கு மேலே நானும் கீழே நீயுமாக இழுத்த வாள் ஞாபகம் வருகிறது. தூளெல்லாம் உன் கண்ணுக்குள். நாளைக்கு இடம் மாறுவோம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லி ஏமாற்றினேன். அந்தக் கடனுக்கும் சேர்த்துத்தான் இப்போது உன்னை லண்டனில் கடைகடையாக அலைய விடுகிறேன்.

காசு நீ பார்க்க வேண்டாம். பாதியை ஆவணியில் அனுப்புகிறேன். மற்றப் பாதிக்கு முள்ளியவளையில் உங்கள் வீட்டுக் கதவு. போன கிழமை போய்ப் பார்த்தேன், முன்கதவின் அடி முழுக்கக் கறையான். நிலைக்கு அளவு எடுத்துவிட்டேன், முதிரைக்குப் பேர்மிற் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று மட்டும் உடனே எழுது. உன் அம்மா இருந்த காலத்தில் அது கிணற்றுப்பக்கம் திறந்தது என்கிறேன் நான். இல்லை, வேம்புப்பக்கம் என்கிறா அக்கா.

உன்,
கட்டையன்