வான்கூவரில் மோச்சி இடித்தோம்

வான்கூவர்
பிப்ரவரி 8

அன்புள்ள அம்மா,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. லேபில் நின்றுகொண்டு அவ்வளவு பேச முடியாது. "கனடாவுக்குப் படிக்கப் போனவளுக்கு ஜப்பான்காரங்க சங்கத்துல என்ன வேலை? அங்க தமிழ்ச் சங்கம் இல்லையா?" என்றாய். இருக்கிறது. பொங்கலுக்குப் போய் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கால் தானாக ஜப்பான் பண்பாட்டு மன்றத்துக்குத்தான் போகிறது. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். ஆச்சிக்கும் வாசித்துக் காட்டு.

செப்டம்பரில் கல்லூரி திறந்ததும் எல்லா மன்றங்களும் மேஜை போட்டு ஆள் பிடிப்பார்கள். மலையேற ஒன்று, நடனத்துக்கு ஒன்று, சதுரங்கத்துக்கு ஒன்று. இவர்கள் மேஜையில் ஒனிகிரி கொடுத்தார்கள். சோற்றை முக்கோணமாகப் பிடித்துக் கடற்பாசித் தாள் சுற்றியது. உள்ளே உப்பில் ஊறிய புளிப்புப் பழம். மீன் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தாள் ஒருத்தி. பசியில் பேர் கொடுத்தவள்தான் நான், அதில் பெரிய லட்சியமெல்லாம் கிடையாது.

அப்பா உடனே சுசுமு ஓனோவை இழுப்பார், தெரியும். ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சொன்ன பேராசிரியர். நம் பொங்கலையும் அவர்களுடைய ஜனவரி 15 சடங்குகளையும்கூட ஒப்பிட்டு எழுதினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொல். ஆனால் ஜப்பானியத்திலும் வினைச்சொல் கடைசியில் வருவதால் எனக்கு வாக்கியம் சட்டென்று பிடிபடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் கனடாப் பிள்ளைகள் திணறுகிறார்கள். அந்த மட்டில் அப்பா சந்தோஷப்படலாம்.

மன்றத்தில் முக்கால்வாசிப் பேர் ஜப்பான்காரர்களே இல்லை. கொரியா, சீனா, மெக்சிகோ, இந்த ஊர்க்காரர்கள், அப்புறம் நான். ஜப்பானிலிருந்து ஒரு வருஷத்துக்கு வந்திருக்கும் மாணவர்கள் கொஞ்சம் பேர். மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே இருக்கிற ஜப்பானியக் குடும்பப் பிள்ளைகள் கொஞ்சம் பேர். இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு என்னளவுக்குக்கூட ஜப்பானியம் வராது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தூரிகை எழுத்து, காகிதம் மடிப்பது, யுகாதா என்ற அவர்கள் பருத்தி உடை கட்டுவது எல்லாம் உண்டு. யுகாதாவில் இடது முனைதான் மேலே வர வேண்டும். வலதை மேலே போட்டால் அது பிணத்துக்குக் கட்டும் கட்டு. அதை மட்டும் எல்லோருக்கும் நாலு தடவை சொல்லிவிட்டார்கள். போன வாரம் செத்சுபுன் என்ற பேய் விரட்டும் சடங்கு. பேய் முகமூடி போட்ட ஒருவரை வறுத்த சோயா பயறால் அடித்து விரட்டிவிட்டு, அவரவர் வயசுக்குத் தக்கபடி பயறு எண்ணித் தின்ன வேண்டும். வந்திருந்த பேராசிரியர் ஒருவர் அறுபதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தார், பாவம்.

எனக்குப் பைத்தியம் பிடித்தது கருதா என்ற சீட்டு விளையாட்டில்தான். நூறு புலவர்கள், ஆளுக்கு ஒரு பாட்டு. 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா நோ தெய்க்கா தொகுத்தது என்கிறார்கள். ஒருவர் பாட்டை இழுத்து இழுத்து வாசிப்பார். தரையில் பரப்பிய சீட்டுகளில் பாட்டின் பின்பாதி மட்டும்தான் இருக்கும். முன்பாதி காதில் விழுந்ததுமே பின்பாதியைக் கண்டுபிடித்துக் கையால் அடித்துத் தள்ள வேண்டும். ஏழு பாட்டுகளுக்கு முதல் எழுத்தே போதும், அந்த எழுத்தில் வேறு பாட்டு தொடங்காது. அந்த ஏழையும் நான் உருப்போட்டு வைத்திருக்கிறேன். ஒசாகாவிலிருந்து வந்த பெண் ஒருத்திக்கு நூறும் மனப்பாடம். அவள் அடிக்கிற அடியில் சீட்டு பறந்து போய்ச் சுவரில் மோதும். ஆளைப் பார்த்தால் வாய் பேசாத பூனை.

ஜனவரியில் மோச்சி இடித்தோம். அவர்கள் வருஷப் பிறப்புப் பலகாரம். ஒட்டுகிற அரிசியை முந்தின ராத்திரியே ஊறப்போட்டு, ஆவியில் வேகவைத்து, சுடச்சுட மர உரலில் கொட்டுகிறார்கள். நம் ஆச்சி வீட்டு உரலைவிட வாய் அகலம். உலக்கை சம்மட்டி மாதிரி இருக்கிறது. எடுத்ததும் ஓங்கி அடித்தால் பருக்கை தெறிக்கும் என்று முதலில் அழுத்தி அழுத்தி மசிக்கிறார்கள். பிறகுதான் இடி. ஒருவர் ஓங்கிப் போட, எதிரே இருப்பவர் அடுத்த அடி விழுவதற்குள் ஈரக்கையால் மாவைப் புரட்டிவிட வேண்டும். தாளம் தப்பினால் விரல் போச்சு. பையன்கள் பயந்து பயந்து புரட்டியதில் மாவு ஆறிப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது என் சிநேகிதி ஒருத்தியின் பாட்டி எழுந்து வந்தார். எண்பது தாண்டியவர். மோதிரத்தைக் கழற்றிப் பேத்தியிடம் கொடுத்தார், கையைத் தண்ணீரில் முக்கினார், உரல் பக்கத்தில் மண்டியிட்டார். "ஹாய்" என்று அவர் குரல் கொடுக்க, பையன் இடித்தான். அடிக்கு அடி கை போய் வந்தது. ஐந்து நிமிஷத்தில் மாவு வெண்ணெயாகிவிட்டது. வறுத்த சோயா மாவில் சர்க்கரை கலந்து, அதில் புரட்டிக் கொடுத்தார்கள். சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்னச் சொல்லி எச்சரிக்கை வேறு. ஜப்பானில் வருஷா வருஷம் வயசானவர்களுக்கு இது தொண்டையில் சிக்கிக்கொள்ளுமாம்.

அந்தப் பாட்டி யாரிடமும் ஜப்பானியத்தில் பேசவில்லை. இங்கே பிறந்தவர். 1942இல், உலகப் போரில் ஜப்பான் எதிரி நாடு என்று காரணம் காட்டி, கனடா அரசாங்கம் கடற்கரையை ஒட்டி இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 22,000 பேரை வீட்டை விட்டுக் கிளப்பி, உள்நாட்டு முகாம்களுக்கும் தோட்ட வேலைக்கும் அனுப்பிவிட்டது. பெரும்பாலோர் இந்த நாட்டுக் குடிமக்கள்தான். வீடு, படகு, கடை எல்லாவற்றையும் அவர்களைக் கேட்காமலே விற்றார்கள். சண்டை 1945இல் முடிந்தும் 1949 வரை கடற்கரைக்குத் திரும்ப விடவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்த பெற்றோர்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினார்களாம், தெருவில் தனியாகத் தெரியக் கூடாது என்று. அதனால்தான் அவர் பேத்தி இன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து அகரவரிசை எழுதிப் பழகுகிறாள்.

நான் படிக்கிற இதே பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்தும் அப்போது 76 மாணவர்கள் படிப்பைப் பாதியில் விட்டுப் போக வேண்டியிருந்தது. மேரி கிட்டகாவா என்ற அம்மாள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2012இல் அவர்களுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். பலர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எழுபது வருஷம் கழித்துக் கொடுத்ததைப் பெருந்தன்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதையெல்லாம் நான் வகுப்பில் படிக்கவில்லை, மாவு உருட்டிக்கொண்டே கேட்டது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். தமிழ்ச் சங்கத்தில் நான் ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவள். சுண்டல் கிண்டு, குழந்தைகளுக்குத் திருக்குறள் சொல்லிக்கொடு என்று வேலை வந்துவிடும். அதுவும் செய்கிறேன். இந்த மன்றத்தில் எல்லோருமே கற்றுக்குட்டிகள். யாரும் யாரையும் பார்த்து, "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதில்லை. வந்த புதிதில், பஸ்ஸில் ஏறுவதற்குக்கூட யாரையாவது பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததே, அந்தச் சமயத்தில் எனக்கு இது பெரிய ஆறுதல்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. அவர்கள் சூப்பில் காய்ந்த மீன் சாறு ஊற்றுவார்கள். எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கடற்பாசியை மட்டும் ஊறவைத்துத் தனிச் சட்டியில் வைத்துவிடுகிறார்கள். நான் கேட்காமலே ஆரம்பித்தது அது.

மழை நின்றால் ஏப்ரலில் செர்ரி பூக்கும். எல்லோரும் பாய் விரித்து மரத்தடியில் சாப்பிடப் போகிறோம். வளாகத்திலேயே நித்தோபே தோட்டம் என்று ஒரு ஜப்பானியத் தோட்டம் உண்டு, 1960இல் திறந்தது. ஆகஸ்டில் பவல் தெரு விழா. முன்பு ஜப்பானியர்கள் குடியிருந்த பகுதி அது. 1977லிருந்து அங்கே நடத்துகிறார்கள். சுரங்கத் தொழிலாளர் நடனம் ஒன்றை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மண்வெட்டுவது, தோளில் கரி சுமப்பது என்று கையசைவு வரும். வீடியோ எடுத்து அனுப்புகிறேன், தெருவில் எல்லோருக்கும் காட்டாதே.

ஒரு விஷயம். நீ அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. ஒனிகிரிக்குள் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து வைத்துக் காட்டினேன், அவ்வளவுதான், ஒரே வெள்ளிக்கிழமையில் டப்பா காலி. அடுத்த பார்சலில் இரண்டு மடங்காக வை. அந்த ஒசாகாப் பெண் உறைப்பு கொஞ்சம் கூட்டச் சொன்னாள்.

அப்பாவை மாத்திரை மறக்காமல் போடச் சொல்.

அன்புடன்,
கோமதி