இடுப்பு வலியும் துடுப்பு வலிப்பும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம்.

ரோயிங் மிஷின் (நகரும் இருக்கையில் உட்கார்ந்து, கைப்பிடியைத் துடுப்பு மாதிரி வலிக்கிற உடற்பயிற்சிக் கருவி) வாங்கி மூன்றே வாரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது, விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். வலி காலுக்கு இறங்கினால் முதலில் டாக்டரைப் பார். இல்லையென்றால் விடாதே. படகில் முதல் வருஷம் எனக்கும் இதே பாடுதான். நான் கையால் வலித்துக்கொண்டிருந்தேன். துடுப்பு வலிப்பது காலால்.

முன்னால் வந்து உட்காரும்போது முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நிற்கட்டும், அதைத் தாண்டிப் போகாதே. கூன் போடாமல், இடுப்பிலிருந்து முன்னால் சாய். அப்புறம் பாதப்பலகையை மிதித்துத் தள்ளு. கை இரண்டும் கயிறு மாதிரி நீண்டே இருக்கட்டும். கால் முக்கால்வாசி நீண்ட பிறகு உடம்பு பின்னால் சாயும், கடைசியில்தான் முழங்கை மடங்கும். காலுக்கு 60, உடம்புக்கு 30, கைக்கு 10 சதவீதம் என்று பயிற்சியாளர்கள் தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள்.

நீ மிதித்தவுடன் இருக்கை மட்டும் பின்னால் ஓடி, கைப்பிடி இருந்த இடத்திலேயே நிற்கிறதா என்று பார். அப்படி நடந்தால் காலின் பலம் வீணாகி, முழுப் பாரத்தையும் முதுகுதான் தூக்கும். உன் இடுப்பு வலிக்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. இருக்கையும் கைப்பிடியும் ஒரே நொடியில் கிளம்பணும்.

திரும்பி வருவது அப்படியே தலைகீழ்: முதலில் கை, பிறகு உடம்பு, கடைசியில் கால். தள்ளிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொள். நிதானமாக வந்தால் படகின் அடியில் நீர்க்குமிழி ஓடுகிற சத்தம் கேட்கும். அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தால் சட்டென்று அது அடங்கிவிடும், படகு தயங்குவது உடம்பிலேயே தெரியும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் நிதானம் பழகினேன். மிஷினில் அது இல்லை. அதனால் நிமிடத்துக்கு 18, 20 தடவைக்கு மேல் இப்போதைக்குப் போகாதே.

சக்கரத்துக்குப் பக்கத்தில், பாரத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்புகோலை 10இல் வைத்திருப்பாய். 4க்கு இறக்கு. அது கூடினால் பாரம்தான் கூடும், பயிற்சி கூடாது.

தினமும் தொடங்கும்போது காலை நீட்டியபடி கையால் மட்டும் பத்து தடவை, உடம்பும் சேர்த்துப் பத்து, இருக்கையை அரைத் தூரம் மட்டும் நகர்த்திப் பத்து, பிறகு முழுசாக.

பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. இருக்கையும் கைப்பிடியும் ஒன்றாகத் தெரியணும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்